அப்படியே எடுத்த நகல்

பூட்டிக் கிடந்த ஏசி அறையில் தைல வாடை அடித்தது. சனிக்கிழமை மதியம், அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. அவன் மூக்கைச் சுளித்தான். கிழவரின் வாடைதான் அது. அவனுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர். போன மாதம் இதே மேசையில் மாரடைப்பில் செத்தார். செத்தது போகட்டும், எந்த நிரலுக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று நாலு வரி எழுதி வைக்கத் துப்பில்லாமல் செத்தார். இப்போது அவர் கணினியைத் தவிர வேறெதிலும் கம்பெனியின் மென்பொருள் உருவாக மாட்டேன் என்கிறது.

"மகாராஜா எல்லாத்தையும் மண்டையிலயே வெச்சுக்கிட்டுப் போயிட்டாரு சார்," என்றான், போனில் மேலாளரிடம்.

"என்னத்தையாவது பண்ணித் தொலைப்பா. இன்னிக்கே வேணும்."

வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். அப்பா வந்தால்தான் மருந்து குடிப்பேன் என்று அடம். ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியல் போட யாருக்குப் பொறுமை? கிழவருடைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தான். எதுவும் மாறக்கூடாதென்று நகலின் கடிகாரத்தையும், கடைசியாக எல்லாம் ஒழுங்காக ஓடிய பிற்பகலில் நிறுத்தி வைத்தான். அது அவர் செத்த பிற்பகல். அதனாலென்ன?

நகலை ஓட்டினான். கணினியின் விசிறி உறுமி, இழுத்து இழுத்து மூச்சு வாங்கி, மெல்ல அடங்கியது. ஒரு பிழைகூட இல்லை.

"இவ்வளவுதானா உம்ம வித்தை?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாக முடிந்தது. சளி கட்டிய, கரகரத்த இருமல். அவனுக்குச் சளியே இல்லை.

கைபேசியில் மணி பார்த்தான். அதிலும் போன மாதத் தேதி. அதே பிற்பகல்.

நகலை நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். ஊஹும். தைல வாடை இப்போது அவன் சட்டைக்குள்ளிருந்து வந்தது. எழ முயன்றான். முழங்கால் மறுத்தது.

கைபேசி அடித்தது. மகள்.

"செல்லம், அப்பா பேசறேன்டா! பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட ஓடு, அப்பாவுக்கு முடியலன்னு சொல்லு!"

மறுமுனையில் சின்னக் குரல்:

"தாத்தா, இது எங்க அப்பா போனு. அவருகிட்ட குடுங்களேன்."

கைபேசியைப் பிடித்திருந்த விரல்களில் தோல் சுருங்கித் தொங்கியது. மார்புக்குள் ஏதோ இறுகியது.

"அப்பா பக்கத்துலதானே இருக்காரு, தாத்தா?"