பத்து நிமிட நடுக்கம்

இன்றைக்கும் இறங்காமல் திரும்பிப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது…? ஓடினேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். போகும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும், கன்னம் தானாகச் சிவந்துவிடும்…

பொய்யை இவ்வளவு பொறுப்பாகத் தயாரிக்கும் தன் மனதைப் பார்த்து இலோனாவுக்கே வெட்கமாக இருந்தது. விக்ரி ஏரிக்கரையில், பைன் காட்டின் விளிம்பில் கார் நின்றிருந்தது. வெளியே மைனஸ் பதினொன்று. இது நான்காவது ஞாயிறு. முந்தைய மூன்றிலும் இதே இடத்தில் ஷூ கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், சுவாவ்கி நகரத்து வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

போன பிப்ரவரியில் நிமோனியா. பத்தொன்பது நாள் மருத்துவமனை. நுரையீரல் சுத்தமாகிவிட்டது, தாராளமாக ஓடலாம் என்று டாக்டர் கோடையிலேயே சொல்லிவிட்டார். ஆனால் குளிர்காற்று நெஞ்சுக்குள் இறங்குவதை நினைத்தாலே அந்தப் பழைய வலி விலாவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முன்பு தினமும் ஓடியவள் அவள். அந்தப் பெண் எங்கே போனாள் என்று தேடத்தான் இங்கே வருகிறாள். இறங்கத்தான் முடியவில்லை.

போன் அடித்தது.

"பருத்தி பனியன் போட்டுக்கிட்டியா?" அம்மா.

"போட்டுக்கிட்டேன்மா."

"பேன்ட்டுக்குள்ள சொருகுனியா?"

"அம்மா, எனக்கு முப்பத்திரண்டு வயசு."

"நிமோனியா வயசைக் கேட்டுட்டா வந்துச்சு? கன்னத்துல கொழுப்பு க்ரீம் தடவு. தண்ணி கலந்தது வேண்டாம், தோல்லயே உறைஞ்சிடும். சாக்ஸ் ரெண்டு ஜோடி போடு."

எல்லாம் செய்திருந்தாள். பனியன், அதன்மேல் கம்பளிச் சட்டை, ஸ்வெட்டர், அதற்கும் மேல் பஞ்சு அடைத்த ஜாக்கெட். இரண்டு சாக்ஸுக்குள் கால்விரல்கள் நெரிந்து கிடந்தன. கண்ணாடியில் அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. பயந்த கண்கள்.

டக் டக்.

ஜன்னலுக்கு வெளியே ஒருவன். மெல்லிய ஜாக்கெட், காதை மூடிய தொப்பி, முதுகில் சின்னப் பை. இமை மயிர்களில் வெண்பனி. அதற்குள்ளிருந்து பார்த்த சாம்பல் நிறக் கண்கள்… மழைக்கு முந்தைய ஏரி இப்படித்தான் இருக்கும் என்று ஏனோ தோன்றியது. தோன்றியதற்காகவே எரிச்சலுடன் இறங்கினாள்.

"ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்க வந்தியா?" என்றான்.

"என்னது?"

"ஆறு மணி நேரம் தூண்டிலோட உக்கார்றவங்கதான் இப்படி உடுத்துவாங்க."

"நீ, வான்னு பேசுறதுக்கு உங்களை எனக்குத் தெரியுமா?"

"ஓடுற பாதையில எல்லாரும் நீதான். என் பேரு செவெரின். கோவிச்சுக்காம மேல ரெண்டைக் கழட்டி கார்ல போடு. இறங்குனதும் குளிரணும். முதல் பத்து நிமிஷம் நடுங்கணும். அப்பதான் சரியா உடுத்தியிருக்கன்னு அர்த்தம்."

நடுங்கணுமாம்! எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்… நடுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இவனுக்குத் தெரியுமா?

"நான் நடுங்கணுமா வேண்டாமான்னு நீங்க சொல்ல வேண்டாம்!"

சொன்ன வேகத்தில் திரும்பியவள், அப்படியே ஓடத் தொடங்கிவிட்டாள். பதினோரு மாதமாக வராத துணிச்சலை ஒரு கோபம் கொண்டுவந்துவிட்டது. நூறு அடி போன பிறகுதான் உறைத்தது… ஓடுகிறோம்!

காலடியில் பனி நறநறத்தது. மூச்சு வந்தது, போனது. வலி வரவில்லை. இரண்டு கிலோமீட்டர் வரை அவள் கிட்டத்தட்ட மகிழ்ச்சியாக இருந்தாள். பிறகு வியர்த்தது. ஜாக்கெட்டுக்குள் ஆவி எழுந்தது, பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியது. பாதை காட்டைவிட்டு ஏரியோரம் திரும்பியதும் காற்று அடித்தது. அந்த ஈரம் ஒரு நொடியில் ஐஸாக மாறியதுபோல் இருந்தது.

நின்றாள். நின்றது இன்னும் பெரிய தவறு. பற்கள் கிடுகிடுத்தன. ஒரு இருமல். அவ்வளவுதான், மறுபடியும் அதே கட்டில், அதே ஆக்சிஜன் குழாய், அம்மாவின் அழுத முகம்… மனம் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திவிட்டது.

பின்னால் காலடிச் சத்தம். அவனேதான். சிரிக்கப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"உள்ள பருத்தியா?"

தலையசைத்தாள்.

"எங்க அம்மாவும் அதைத்தான் குடுப்பாங்க. ஈரத்தை விடாது அது." முதுகுப் பையிலிருந்து மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்தான். "காஞ்சது. எப்பவும் ஒண்ணு வச்சிருப்பேன். அந்தப் படகுக் கொட்டகைக்குள்ள போய் மாத்திக்கோ. ஸ்வெட்டரைச் சுருட்டி என்கிட்ட குடு."

"இந்தக் குளிர்ல கழட்டணுமா?"

"அரை நிமிஷம். நான் வெளியே ஏரியைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். சத்தமா எண்ணு, பயம் தெரியாது."

எண்ணினாள். ஏழில் குளிர் அவளுடைய வெற்று முதுகைத் தொட்டது. இத்தனை மாதம் பயந்தது இதற்குத்தானா? கொடூரமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் நின்றுகொண்டிருந்தாள். பதினாறில் கம்பளி உடம்பில் இறங்கியது. இருபத்தொன்றில் குரலின் நடுக்கம் நின்றது. வெளியே வந்து இருமலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

திரும்பும்போது பேசியபடி ஓடக்கூடிய வேகத்தில் ஓடினார்கள்.

"மூணு வாரமா உன் காரைப் பாக்கிறேன்," என்றான் திடீரென்று. "கயிறு கட்டுவ, அவுப்ப, போயிடுவ. நீ போனப்புறம்தான் நான் ஓடவே ஆரம்பிப்பேன்."

அவளுக்கு முகம் சுட்டது. "வேடிக்கை பாத்தீங்களா?"

"முதல் வாரம் கவலை. உடம்பு சரியில்லையோன்னு. ரெண்டாவது வாரமும் கவலைன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்…"

"மூணாவது வாரம்?"

"பொய் சொல்றதை விட்டுட்டேன். இன்னைக்கு உன்கிட்ட பேச நல்லதா ஒரு வாக்கியம் வீட்லருந்தே யோசிச்சிட்டு வந்தேன். ஜன்னலைத் தட்டினதும் மீன் பிடிக்கிறவன்தான் வாயில வந்தான்."

இலோனா சிரித்துவிட்டாள். சிரிப்பு வெண்புகையாகப் பறந்தது. தனக்கே கேட்டுப் பழக்கம் விட்டுப்போன சத்தம். அந்தச் சிரிப்போடு தன் பெயரையும் சொன்னாள்.

காரருகே வந்ததும் அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். இத்தனை நேரம் இல்லாத தயக்கம்.

"இலோனா… அடுத்த ஞாயிறு உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கட்டுமா? நானே கூட்டிட்டு வர்றேன். தனியா கார்ல உக்காந்து நீ அப்படித் தவிக்க வேண்டாம்."

சரி என்று சொல்ல உதடு வரை வந்துவிட்டது. இந்தப் பதினோரு மாதமும் யாராவது ஒருவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டும் கூட்டிக்கொண்டு வந்துகொண்டும்தான் இருந்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான். இவனும் அன்பாகத்தான் கேட்கிறான். அடுத்த ஞாயிறும் அவள் பயப்படுவாள், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். வராமலேகூடப் போய்விடலாம்…

அவனுடைய கண்களை நேராகப் பார்த்தாள்.

"வேண்டாம் செவெரின்," என்றாள் மெல்ல. "வீட்டுக்கு வராத. நானே வர்றேன்."