மூன்று காதுக்கு மூன்று பொய்

கைப்பேசி அலறியபோது கலாதேவி பாதித் தோசையில் இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிவபிரகாசம்! ஈப்போ போதைப்பொருள் பிரிவு.

"நேத்தும் வெறுங்கையோடதான் திரும்பினோம் கலா. நாங்க வர்றதுக்குள்ள பொட்டலம் எடம் மாறிடுச்சு. உங்க ரோந்துக் குழுவுல யாரோ துப்பு குடுக்கிறாங்க."

"யாருன்னு நெனைக்கிறீங்க சார்?"

"அது உங்களுக்கே தெரியும்."

தெரியும்.

தேவன். அவளுடைய தம்பி. போதைப் பித்தர் மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பி ஒரு வருடம்தான் ஆகிறது. அவனைக் காவல் குழுவில் சேர்த்தே தீர வேண்டும் என்று அடம் பிடித்தவள் அவள்தான்.

சனிக்கிழமைக்குள் வேறு ஆளைக் காட்டாவிட்டால் தேவனைத் தூக்கி உள்ளே வைப்பேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார் இன்ஸ்பெக்டர்.

தோசை ஆறிப்போனது.

ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். இப்போது மலிவு வீடுகள். சுற்றிலும் செம்பனை. பழைய தோட்டத்தில் எஞ்சியவை புகைக்கொட்டகை, முனியாண்டி கோயில், ரப்பர் பால் ஸ்டோர் தண்ணீர்த் தொட்டி... அவ்வளவுதான். கலாதேவி தலைமையிலான ருக்குன் தெத்தாங்கா, அதாவது அக்கம்பக்கத்துக் காவல் குழு, ஆரஞ்சுச் சட்டையில் தினமும் ரோந்து போகிறது.

அப்படியும் சியாபு என்னும் போதைத்தூள் வருகிறது! எப்படி?

ரொம்ப எளிது. இந்த வியாபாரத்தில் விற்பவனும் வாங்குபவனும் சந்திப்பதே இல்லை. ஒருவன் பொட்டலத்தைக் கல்லுக்கடியில் மறைப்பான். படம் எடுத்து, இருப்பிடத்தோடு அனுப்புவான். இன்னொருவன் வந்து எடுத்துக்கொள்வான். மறைப்பவனுக்குத் தேவை ஒன்றே ஒன்று... ஆளில்லாத இடம்.

எந்த இடம் எப்போது காலி? அது ரோந்துத் திட்டம் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்!

தெரிந்தவர்கள் அவளைத் தவிர மூவர். பாலர்பள்ளி ஆசிரியை விமலா. டயர் கடை ஜெயபாலன். குழுவுக்கு வாக்கி-டாக்கி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அப்புறம் தேவன்.

ஓட்டை எந்தக் குழாயில் என்று தெரியாவிட்டால் என்ன செய்யலாம்? ஒவ்வொரு குழாயிலும் வேறு நிறத் தண்ணீரை விடலாம். ஒழுகும் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை மூவரையும் தனித்தனியே பிடித்தாள். நாளைப் பகலில் புகைக்கொட்டகைப் பக்கம் ரோந்து கிடையாது என்று ஜெயபாலனிடம் சொன்னாள். விமலாவிடம் முனியாண்டி கோயில் என்றாள்.

தேவனிடம்...

"தண்ணித் தொட்டிப் பக்கம் நாளைக்கு யாரும் போகல தம்பி. வெளிய சொல்லாத."

"என்னக்கா, புதுசா ரகசியமெல்லாம்?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை. உச்சி வெயில்.

மூன்று இடங்களிலும் சாதாரண உடையில் போலீஸ். செம்பனை நிழலில் இன்ஸ்பெக்டரின் கார். உள்ளே கலாதேவி கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

புகைக்கொட்டகையாக இருக்கட்டும். கோயிலானாலும் சரி... விமலா மாட்டட்டும் என்றா வேண்டுகிறோம்? கூசியது. ஆனாலும் வேண்டினாள்.

ரேடியோ கரகரத்தது.

"ஆள் வந்தாச்சு சார். தண்ணித் தொட்டி."

கலாதேவி இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினாள்.

"சார்... அவன அடிக்க வேணாம்னு சொல்லுங்க சார்."

இன்ஸ்பெக்டர் காரைக் கிளப்பினார். வளைவு திரும்பியதும் தெரிந்தது, புதருக்குள் பாதி மறைத்துவைத்த சிவப்பு மோட்டார் சைக்கிள். தேவனுடையது!

கார் நிற்கும் முன்பே குதித்து ஓடினாள். தொட்டிக்குப் பின்னால் ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் குப்புறக் கிடந்தான். முதுகில் போலீஸ்காரரின் முழங்கால். பக்கத்தில் ஒரு பாராங் கத்தியும் பொட்டலமும். விலங்கு மாட்டிப் புரட்டினார்கள்.

ஜெயபாலன்!

புதர் அசைந்தது. தலையெல்லாம் சருகோடு தேவன் எழுந்து வந்தான். போலீசுக்கும் முன்பே வந்து ஒளிந்திருந்தவன்.

"தொட்டின்னு உன்கிட்ட மட்டும்தானேடா சொன்னேன்?"

"ஆமா. நான் இவருகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

தேவன் விளக்கினான். ரோந்துத் திட்டம் எப்போதும் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வரும். அதை அக்கா தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னால், பொறி என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தேவனுக்குத் தெரிந்தது. ஜெயபாலனுக்கும் தெரிந்தது. அதனால்தான் நேற்றுச் சாயங்காலமே அவர் தேவனை ஓரங்கட்டி, உங்க அக்கா உன்கிட்ட என்ன சொன்னாள் என்று நோண்டியிருக்கிறார்.

"குத்தமில்லாத மனுசனுக்கு அது எதுக்குக்கா? அப்பவே புரிஞ்சிருச்சு. தலைவி நீ சொன்னா நம்ப மாட்டாரு. பழைய போதைக் கேஸு, சொந்தத் தம்பி... தம்பிக்கு நீ பொறி வைக்க மாட்டேன்னு நெனைச்சு, நான் சொன்னா நம்புவாருலா. வந்துட்டாரு."

"என்கிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அவள் தலை குனிந்தாள்.

"விடுக்கா. தம்பியாச்சேன்னு என்னை மட்டும் ஒதுக்கி வச்சிருந்தா, இவரு இன்னைக்கு மாட்டியிருக்க மாட்டாரு."

தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"இங்க இருந்த எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்து யூரின் டெஸ்ட் குடுக்கணும். நீயும்தான் தேவன்."

தேவன் ஒளிந்திருந்த புதரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"குடுத்துடலாம் சார். ஆனா இவரு பாராங்கோட வந்தப்பவே பயத்துல இருந்ததெல்லாம் போயிருச்சு. மொதல்ல பெரிய கப்புல குடிக்க ஒரு தே ஓ ஐஸ் வாங்கிக் குடுங்கலா."