ஆளில்லாத கணக்கு

மழை பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம், பக்கத்து அறையில் அப்பாவின் ஃபோன் ‘டிங்’ என்றது. அவள் தலை நிமிர்ந்தாள். அப்பாவுக்கு மெசேஜ் அனுப்ப இந்த உலகத்தில் அவளையும் அண்ணனையும் விட்டால் நாதியில்லை. அவள் அனுப்பவில்லை. அண்ணன் எதை அனுப்பினாலும் இருவருக்கும் சேர்த்துத்தான் அனுப்புவான்; அவள் ஃபோனில் எதுவும் வரவில்லை.

வீட்டில் எல்லோரும் மெசேஜ் அனுப்பும் அரட்டைச் செயலியை எழுதியவனே அண்ணன்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தான்; அம்மா செத்ததும் கைகழுவிவிட்டான். அன்றிலிருந்து அது அவள் தலையில். அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய நிரலை மூலை மூலையாகப் பெருக்கிச் சுத்தம் செய்தாள். இன்று மத்தியானம், ஒரே ஒரு கணக்கிலிருந்து வரும் மெசேஜை மட்டும் தடுக்கும் சில வரிகள் கண்ணில் பட்டன. வெறும் எண்ணாக இருந்த அந்தக் கணக்கோ பயனர் பட்டியலிலேயே இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு எதற்குக் காவல்? நீக்கினாள். பிழையில்லை என்று சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. புதுப் பதிப்பை வெளியிட்டுவிட்டாள்.

மறுபடி, டிங்.

சுவருக்கு அப்பால் அப்பா சிரித்தார். ஒரு வருஷமாகக் கேட்காத சிரிப்பு. மழையின் மண்வாசனைக்குள்ளிருந்து அம்மாவின் மூட்டுவலித் தைலத்தின் நெடி மெல்ல மெல்ல எழுந்து வந்து, மேசை விளக்கைச் சுற்றி நின்றது.

அண்ணன் ஃபோனில் வந்தான்.

“புதுப் பதிப்பைப் பார்த்தேன். எந்த வரியையாவது தூக்கினியா?”

“யாருக்கும் உதவாததுதான். ஏண்ணா?”

“அது அம்மா கணக்கு. நான்தான் அழிச்சேன். அழிச்சப்புறமும் மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு. அப்பாவைக் கூப்பிட்டு. அதான் தடுத்து வச்சேன். இதை உன்கிட்ட எப்படிம்மா சொல்றது?”

“அப்பாவுக்கு வந்துடுச்சுண்ணா.”

“பதில் போட விடாதே! ஓடு!”

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை. கால் மட்டும் ஓடியது.

அப்பா நாற்காலியில் சிரித்தபடி இருந்தார். கண் திறந்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. மடியில் ஃபோன்.

‘தனியா இருக்கேன். வர்றீங்களா?’ அம்மா.

‘இதோ வந்துட்டேன்.’ அப்பா.

ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். நீக்கிய வரிகளைத் திரும்பப் போட்டாள். வெளியிட ஒரு பொத்தான்தான் பாக்கி.

கணினித் திரையின் மூலையில், அரட்டைச் சாளரத்தில்: அப்பா எழுதுகிறார்…

அப்பாவின் ஃபோன் அவள் இடது கையில். அணைந்து கிடந்தது.

அப்பாவின் கணக்கையும் தடுப்பில் சேர்த்தாள். பொத்தானை அழுத்தினால் அப்பா இனி பேசவே மாட்டார். விரல் நின்றது.

டிங்.

‘நீ மட்டும் தனியாவா இருக்கே, கண்ணு?’

இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

திரையில், அந்தக் கேள்விக்குக் கீழே, அவள் பதில் எழுத வேண்டிய இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

‘இதோ’ வரை வந்துவிட்டது.