பூட்டுக்கு ஜாமீன் நின்றவர்

காலை பத்து மணிக்குப் பொம்மைக் கம்பெனியில் இடி விழுந்தது. இன்னும் கடைக்கே வராத அவர்களுடைய நடக்கும் ஆமை, போட்டிக் கம்பெனியின் விளம்பரத்தில் ஜம்மென்று தலையாட்டியது.

"உன் பாஸ்வேர்டுலதான் வரைபடத்தை எடுத்திருக்காங்க," என்றார் முதலாளியம்மா.

ஆமையை வரைந்த பெண் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நான் யாருக்கும் கொடுக்கலம்மா. தினமும் ஆபீஸ் தளத்துல போடுறதோட சரி. முகவரி சரியா இருந்துச்சு, பக்கத்துல பாதுகாப்பான தளம்னு காட்டுற பூட்டுப் படமும் இருந்துச்சு."

"நானும் நேத்து அதே தளத்துக்குப் போனேன். ஒரு எச்சரிக்கையும் வரல," என்றார் விற்பனை மேலாளர். "தளத்து மேல பழி போடாதம்மா."

தகவல் கேட்டு வந்திருந்த முதலாளியம்மாவின் நாத்தனார் கணினிக் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர். பிஸ்கட்டைக் கடித்தபடி முதலாளியம்மாவிடம் கேட்டார்: "நீயும் அந்தத் தளத்தைப் பார்த்தியா?"

"என் போன்ல பார்த்தேன் அண்ணி. 'நம்பாதே'ன்னு சிவப்பா வந்துச்சு. நெட்டு மக்கர் பண்ணுதுன்னு மூடிட்டேன்."

இன்ஸ்பெக்டர் தன் லேப்டாப்பை ஆபீஸ் வைஃபையில் இணைத்தார். அதே சிவப்பு. பெண்ணின் கம்ப்யூட்டரிலோ பூட்டு சமர்த்தாக இருந்தது.

"வைஃபை நம்மளைப் போலித் தளத்துக்குத் திருப்புது," என்றார். "ஒரு தளம் 'நான்தான் அசல்'னு சொன்னா மட்டும் பூட்டு வந்துடாது. சான்றிதழ் நிறுவனம் ஒண்ணு ஜாமீன் நிக்கணும். யாரோட ஜாமீன் செல்லும்னு ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் பட்டியல் இருக்கு. இவ கம்ப்யூட்டர்ல யாரோ ஒரு டுபாக்கூர் நிறுவனத்தைச் சேர்த்திருக்காங்க. அதான் பொய்ச் சான்றிதழுக்கும் பூட்டு விழுது, இவ போட்ட பாஸ்வேர்டும் திருடன்கிட்ட போயிருக்கு."

மேலாளர் பக்கம் திரும்பினார். "இவளைத் தவிர எங்க எல்லாருக்கும் சிவப்பு. உங்களுக்கு மட்டும் ஏன் வரல சார்? லேப்டாப்பைக் கொடுங்க."

"என்னையும் யாராவது ஏமாத்தியிருக்கலாமே?"

"இருக்கலாம். ஏமாந்தவங்ககிட்ட சான்றிதழைச் சரிபார்க்கிற, அந்த நிறுவனத்தோட பொதுச் சாவிதான் இருக்கும். சான்றிதழ்ல கையெழுத்துப் போடுற ரகசியச் சாவி, அந்த டுபாக்கூர் நிறுவனத்தை உருவாக்கினவர்கிட்ட மட்டும்தான் இருக்கும்."

லேப்டாப் திறந்தது. ரகசியச் சாவி உள்ளேயே இருந்தது. மேலாளரின் முகம் பேயறைந்தாற்போல் ஆனது. "போலித் தளம் ஓடுதான்னு என் லேப்டாப்லயும் அந்த நிறுவனத்தைச் சேர்த்து நானே சோதிச்சுப் பார்த்தேன்..." என்று முனகினார்.

"அங்கதான் சொதப்பிட்டீங்க," என்று இன்ஸ்பெக்டர் அவரை அழைத்துப் போனார்.

முதலாளியம்மா பெண்ணின் கையைப் பிடித்தார். "சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுடும்மா."

"மன்னிச்சுட்டேம்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அவள். "ஆனா அவரோட ரூம் எனக்கு வேணும். ஏசி நல்லா வேலை செய்யுது."