322-ஆம் நம்பர் விமானம்

வீரம்மா வந்தபோது பிற்பகல் மூன்று மணிதான். ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க விளக்குப் போட்டிருந்தார்கள். மழை இன்னும் விழவில்லை. அதற்கு முந்தைய கறுப்பு மட்டும் கூரைகள்மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். செருப்பை வாசலோரம் விட்டுவிட்டு, "நாகையா அங்கிள் வீடுதானே?" என்று கேட்டாள்.

நாகையா நாற்காலியில் இருந்தார். ரயில் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனும் ரயில்வேயில் இருந்ததால் வீடு கைவிட்டுப் போகவில்லை. வந்தவளின் முகத்தை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் புருவங்களைப் பார்த்திருக்கிறார்.

"எங்கப்பா பேரு சபாபதி. ஜப்பான்காரன் காலத்துல உங்க பட்டறையிலதான் வேலை. சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டு போனாங்க, திரும்பல. அம்மா கடைசிவரைக்கும் பொட்ட அழிக்கல, திதி குடுக்கவும் விடல. போன மாசம் அவங்களும் போயிட்டாங்க. அப்பா கிளம்பின தேதி தெரிஞ்சா, அந்த நாள்ல எள்ளும் தண்ணியும் எறைக்கலாம் அங்கிள்."

நாகையா அந்தப் புருவங்களிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பேர்ல யாரும் ஞாபகம் இல்லம்மா" என்றார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கிர்ர்... கிர்ர்... தகட்டில் அரம் ஓடுகிற சத்தம்.

மருமகள் ரமணி டீயோடு வந்தாள். "எலி லா அக்கா. இந்த வீடு அதுங்களோடது, நாங்கதான் வாடகைக்கு இருக்கோம்" என்று சிரித்தாள்.

யார் வந்தாலும் ரமணி செய்கிற காரியம் ஒன்று உண்டு. அன்றும் கண்ணாடி அலமாரியைத் திறந்து விமானத்தை எடுத்தாள். ஒரு முழ நீளம். போரில் விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டை வெட்டி, அரம்போட்டு இழைத்துச் செய்தது. விரலால் தட்டினால் மூக்கில் இருக்கும் விசிறி சுற்றும். ஆயுத பூஜைக்கு வருடம் தவறாமல் அதற்குச் சந்தனம் வைப்பார்கள்.

"மாமா கையால செஞ்சது. அடுத்து எம் மவனுக்குத்தான். அடியில பாருங்க, பட்டறையில மாமாவோட டோக்கன் நம்பரு. அவரே வெட்டியிருக்காரு."

வேண்டாம் என்று சொல்ல நாகையா வாயைத் திறந்தார். அதற்குள் விமானம் கைமாறியிருந்தது.

வீரம்மா திருப்பிப் பார்த்தாள். 322.

"எங்கப்பா நம்பரும் இதான்" என்றாள் மெதுவாக. "அம்மா தெனமும் வெளக்கேத்தி இந்த நம்பரத்தான் சொல்லுவாங்க."

மின்சாரம் போயிற்று.

இருட்டில் மண்ணெண்ணெயும் கிரீசும் கலந்த வாடை எழுந்தது. பட்டறை வாடை. அரத்தின் சத்தம் இப்போது நாகையாவின் நாற்காலிக்குப் பின்னால் கேட்டது.

காதுக்கு அருகில்.

வீரம்மாவின் மடியில் இருந்த விமானத்தின் விசிறி சுற்றத் தொடங்கியது. யாரும் தட்டவில்லை.

முகம் தெரியாத இருட்டு. இல்லாவிட்டால் நாகையா அன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

"என் நம்பரு 317" என்றார். "சபாபதியும் நானும் ஒரே ரூம்ல இருந்தோம். ஜப்பான்காரன் பேரு கேக்க மாட்டான். காலையில பலகையில தொங்குற டோக்கன எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கணும். நம்பர மட்டும் வாசிப்பான். சயாம் லிஸ்ட்ல 317 இருக்கறத மொத நாளே பார்த்துட்டேன். விடியறதுக்குள்ள போயி அவன் டோக்கனையும் என் டோக்கனையும் ஆணி மாத்தி மாட்டுனேன்."

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"அவன் ஆணியில என் நம்பரப் பார்த்தான். அப்புறம் என்னப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன இழுத்துட்டுப் போயிருப்பாங்க. சொல்லல. நான் செஞ்ச ஏரோப்ளேன எம் மவகிட்ட குடுத்துரு, அவ்வளவுதான் சொன்னான். அன்னையிலேருந்து நான்தான் 322."

"தேதி?" என்று கேட்டாள் வீரம்மா.

"நாப்பத்து மூணு, ஆவணி. அமாவாசை கழிஞ்சு மூணாம் நாளு."

நாற்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் அதை அவர் மறந்ததில்லை.

விளக்கு வந்தது. வீரம்மா விமானத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு, செருப்பை மாட்டி, மழையில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தொடாமல் வைத்த டீயின்மேல் அலுமினியத் தூள் ஏடுபோல் மிதந்தது.

ரமணி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அவரு வேலை முடிஞ்சு வந்து அலமாரியப் பார்த்தா என்ன சொல்றது?"

மாமா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

உரியவளிடம் போய்விட்டது, இனி அமைதி என்று நாகையா நினைத்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு, பூட்டிய வெற்று அலமாரிக்குள் அரம் ஓடத் தொடங்கியது.

கிர்ர்... கிர்ர்...

தினமும் ரமணி அலமாரித் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை அலுமினியத் தூளைத் துடைத்தெடுத்து, மாமனார் பார்க்கும்படி குப்பையில் கொட்டினாள். ஏழாம் நாள் சத்தம் நின்றது.

நாகையா எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

தட்டில் ஓர் அலுமினிய வட்டம் இருந்தது. விளிம்பெல்லாம் நேர்த்தியாக இழைத்திருந்தது. சபாபதியின் கைவேலை. தொட்டார். இப்போதுதான் அரம்போட்டதுபோல் சூடாக இருந்தது.

நடுவில் 317 என்று வெட்டியிருந்தது.

கழுத்தில் மாட்டிக்கொள்ள கயிறும் கோத்திருந்தது.