எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொன்ன அக்கா

என் பெயர் கிருஷ்ணப்பிரியா. ஐந்தாம் வகுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எங்கள் திருமுல்லைவாயில் தெருவுக்கே தெரியும். என்ன செய்வது, கேள்வி வந்தால் கேட்டுவிட வேண்டும் எனக்கு!

சைக்கிளில் இருந்து விழுந்து முழங்காலில் காயம். கட்டு மாற்ற அப்பா என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். எங்களுக்கு முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு குட்டிப் பையன் காய்ச்சலில் துவண்டு கிடந்தான்.

நர்ஸ் சாமுண்டீஸ்வரி அக்கா கடகடவென்று கேட்டார்.

“மூணு நாளா காய்ச்சல் அடிக்குதாம்மா?”

“சரி.”

“வாந்தி எடுத்தானா?”

“சரி.”

“ஊசி, மருந்தெல்லாம் ஒத்துக்கும்ல?”

“சரி.”

டாக்டரிடமும் அதே ‘சரி’தான். அவர் ஊசி எழுதிக் கொடுத்தார். நர்ஸ் மருந்தை எடுக்க உள்ளே போனார்.

எனக்கு என்னவோ உறுத்தியது. மெல்ல அந்த அக்கா பக்கம் நகர்ந்தேன்.

“அக்கா, உங்க ஊடு எங்க?”

“சரி.”

“நேத்து ராக்கெட்ல நிலாவுக்குப் போய்ட்டு வந்தீங்களா?”

“சரி.”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கண்களைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. பாவம், எதுவும் புரியாமல் பயத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் ஊசியோடு வந்தார்.

“அக்கா, போடாதீங்க! இவங்களுக்குத் தமிழே தெரியாது!” என்று கத்தினேன்.

“இன்னாடி சொல்றே? நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்களே!”

“நிலாவுக்குப் போனீங்களான்னு கேட்டேன். அதுக்கும் சரின்னாங்க!”

நர்ஸ் ஊசியையும் மருந்துப் புட்டியையும் மேசையில் வைத்தார். பிறகு தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையையும் செலவழித்துப் பார்த்தார். அதற்கும் “சரி”தான்!

“இவங்க எந்த பாஷைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று நர்ஸ் கையைப் பிசைந்தார்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. “அப்பா, ஒரு பத்து ரூபா குடுங்க!”

“இப்ப இன்னாடி மிட்டாயா?”

“குடுங்கப்பா!”

நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி அந்த அக்காவிடம் நீட்டினேன். அதில் வரிசையாகப் பதினைந்து மொழிகளில் ‘பத்து ரூபாய்’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

எழுத்தெல்லாம் ஜாங்கிரி சுற்றியதுபோல இருந்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

“அட, எங்க கம்பெனி ஒடிசா பசங்க போன்ல வர்ற எழுத்தாச்சே! இரு, சுசாந்தைக் கூப்பிடுறேன்.”

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் அப்பாவோடு வேலை பார்ப்பவர் சுசாந்த் அண்ணன். போனில் அவர் ஒடியாவில் ஒரு வார்த்தை பேசியதுதான் தாமதம், அந்த அக்கா மடை திறந்த வெள்ளமாய்ப் பேசித் தள்ளினார். அதுவரை ‘சரி’ மட்டும் சொன்ன வாயா இது! என்னையே மிஞ்சிவிட்டார்.

திடீரென்று சுசாந்த் அண்ணன் தமிழில் பதறினார். “அண்ணா, ஊரில் ஒரு ஊசி போட்டு பையனுக்கு முகம் வீங்கிப் போச்சாம். மூச்சு விட முடியலையாம். மருந்து பேரு சீட்டில் இருக்குதாம்!”

அந்த அக்கா பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நர்ஸ் அதைப் படித்தார். மேசையில் இருந்த மருந்துப் புட்டியைப் பார்த்தார். இரண்டும் ஒரே பெயர்!

“நல்லவேளை, கண்ணு!” என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். சீட்டோடு உள்ளே ஓடினார். டாக்டர் வேறு மருந்து கொடுத்தார்.

அன்று முதல் அந்தக் கிளினிக்கில் யார் வந்தாலும் முதல் கேள்வி, “எந்த பாஷை பேசுவீங்க?” என்பதுதான்.

நான்கு நாள் கழித்துக் கட்டுப் பிரிக்கப் போனேன். அந்தக் குட்டிப் பையன் பெஞ்சுக்கு அடியில் புகுந்து ஓடி விளையாடிக்கொண்டிருந்தான்.

“இன்னும் காய்ச்சல் அடிக்குதா?” என்று நர்ஸ் அவன் அம்மாவிடம் கேட்டார்.

அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளினிக் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“இல்லை!”