ஒரு வெல்லக்கட்டி மூச்சு

ஒரு ஆளின் மூச்சுக்கு என்ன விலை என்று ஹட்டன் கடைத்தெருவில் கேட்டிருந்தால் சிரித்துத் துரத்தியிருப்பார்கள். தேயிலை ஆலையான ஸ்டோரின் பொறுப்பாளர், டீமேக்கர் கந்தப்பன் மட்டும் கூசாமல் விலை போட்டிருந்தார்: ஒரு வெல்லக்கட்டி.

கொழுந்து காயவைக்கும் அடுப்பின் சூட்டுக்குழாயில் வருஷத்துக்கொரு தடவை பழைய வெள்ளைப் பூச்சை உடைத்துத் தள்ளிவிட்டு, கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் மாவைக் குழைத்துப் புதிதாகப் பூச வேண்டும். மாவு புகையாக நிற்கும். வேலை முடிந்ததும் தொண்டைத் தூசு இறங்க ஆளுக்கொரு வெல்லக்கட்டி. கொசுறாக, மாவு வந்த காலிச் சாக்கு, குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம். தோட்டம் கொடுத்த கம்பளிகளைக் கந்தப்பன் எப்போதோ விற்றுவிட்டிருந்தார்.

நாற்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து பதினைந்து வருஷம் அந்த மாவைக் குழைத்தவன் அழகன். ரோலர் மெஷினுக்கு இரண்டு விரலைக் கொடுத்தது போக, மிச்சம் மூன்று விரலால் மெழுகினாற்போலப் பூசுவான். ஒருமுறை மூக்கில் கட்டத் துணி கேட்டான்.

"நீ என்னடா கல்யாணப் பொண்ணா, மூஞ்ச மூட?" என்றார் கந்தப்பன்.

போன மாதம் அழகன் செத்தான். படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே, ஓட்டைத் துருத்தியாக இழுத்து இழுத்து. தோட்டத்து மருந்துக்காரர் நெஞ்சுச் சளி என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். கந்தப்பன் இழவு வீட்டுக்குப் போனது சாக்கை வாங்கிவர.

"தோட்டத்துச் சொத்து காளியாயி, பொணத்தோட பொதைக்கவா?"

"எடுத்துக்கங்க ஐயா," என்றாள் அழகனின் மனைவி. "அவரு மூச்செல்லாம் அதுலதான் இருக்கு."

இந்த வருஷம் பூச ஒருத்தரும் வரவில்லை. திங்கட்கிழமை புதுத் துரை வருகிறார். வேலை முடியாமல் கிடந்தால் கந்தப்பனின் உத்தியோகம் போய்விடும்.

"அந்த மாவு ஆளத் தின்னுதுங்க ஐயா," என்றான் ஸ்டோர் ஆள் வீரய்யா.

"மாவு ஒங்களத் தின்னுதா? மாவ நீங்கதான்டா தின்னுவீங்க! சோம்பேறிப் பயலுகளா, நானே தனியா பூசிக் காட்டுறேன்."

ஞாயிறு மத்தியானம். நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து ஏறிவந்த மூடுபனி ஜன்னல்களை அடைத்தது. ஓடாத மெஷின்களுக்கு நடுவே புளித்த கொழுந்தின் வாடை. குளிருக்கு அழகனின் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கந்தப்பன் சுத்தியலால் பழைய பூச்சைத் தட்டினார்.

குழாய்க்குள் யாரோ இருமினார்கள்.

நிறுத்தினார். இருமலும் நின்றது.

"எவன்டா உள்ள?"

அவருடைய அதட்டல் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் செல்லுபடியாகிற சரக்கு. ஆளில்லாத இடத்தில் அது கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

மறுபடி தட்டினார். மறுபடி இருமல்.

இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால்.

தோளில் கிடந்த சாக்கு மெல்ல உப்பியது. அமுங்கியது. உப்பியது.

காதோரம் ஈரமான இழுப்பு. வெல்ல வாடை.

"மூக்கக் கட்டிக்கங்க ஐயா."

அழகனின் குரல். செத்த பிறகும் அந்த 'ஐயா' போகவில்லை. உதற உதறச் சாக்கு ஏறிவந்து முகத்தை மூடியது. அலற வாயைத் திறந்தார். உள்ளே மாவு போயிற்று.

எப்படியோ கதவு வரை தவழ்ந்து வெளியே விழுந்தார்.

திங்கள் காலை துரையோடு போய்ப் பார்த்தால் குழாய் முழுக்கப் பூசியிருந்தது. ஈரம் காயவில்லை. நெடுகிலும் மூன்று விரல் தடம்.

"நல்ல வேலை!" என்று துரை அவர் தோளில் தட்டினார். சட்டையிலிருந்து வெள்ளையாகப் பறந்தது. கந்தப்பன் நன்றி சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. அழகனை அரிக்கப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்ட மாவு, ஐயாவுக்கு ஒரே மத்தியானத்தில் வேலையை முடித்துச் சலுகை காட்டிவிட்டது.

இப்போது அவரும் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். விடிந்தால் தலைமாட்டில் ஒரு வெல்லக்கட்டி, எச்சில் ஈரத்தோடு. தூக்கி எறிந்தால் மறுநாள் இன்னொன்று. அழகன் வாங்கிய வெல்லமெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சாக்கு முன்னமே வந்துவிட்டது.

அழகனுக்குத் திரும்ப வேண்டிய மூச்சு மட்டும் பாக்கி.